பசளை தந்தவரும் நச்சுப்புகை விட்டவரும் ஒருவரே: இரசாயனவியலாளர் பிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கை

உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஏபர் முறை என்ற பெயர் மறந்திருக்காது. நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா ஆகும் தாக்கம் அது. உயர் அமுக்கம், ஓரளவு உயர்ந்த வெப்பநிலை, இரும்பு ஊக்கி என்று மூன்று நிபந்தனைகளையும் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிட்டு வந்துவிடுவோம். வன்னியில் பல ஆண்டுகள் நான் கற்பித்த பாடமும் இதுதான். ஏபர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாடப்புத்தகத்திலும் அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

பிரிட்ஸ் ஹேபர் என்ற அந்த ஜேர்மன் பேராசிரியரின் வாழ்க்கையை, போரைக் கண்ட மக்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்று நாம் உண்ணும் சோற்றில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. உலகின் முதலாவது பெரிய இரசாயன ஆயுதத் தாக்குதலை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். கடைசியில் தன் நாட்டாலேயே துரத்தப்பட்டு, வேற்று நாட்டு விடுதி ஒன்றில் இறந்துபோனார்.

சாய வியாபாரியின் மகன்

ஹேபர் 1868 டிசம்பர் 9 அன்று பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜேர்மனியின் கையில் இருந்த அந்த நகரம் இன்று போலந்தில் உள்ள வ்ரோத்ஸ்வாஃப். பிறந்து மூன்று கிழமைக்குள் தாய் இறந்துவிட்டார். தந்தை சாயப்பொருள் வியாபாரி. மகன் பேர்லினிலும் ஹைடல்பேர்க்கிலும் இரசாயனவியல் படித்து 1891 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிறிது காலம் தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்து பார்த்தார். இருவருக்கும் ஒத்துவரவில்லை.

யூதராகப் பிறந்த ஒருவர் அன்றைய ஜேர்மனியில் பேராசிரியர் பதவிக்கு வருவது மிகக் கடினம். சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும் வாசல்கள் அடைத்தே இருந்தன. 1892 இல் ஹேபர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவராக மதம் மாறினார். தன்னை முழு ஜேர்மனியனாக ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை வாழ்க்கையின் முடிவில்தான் அவர் கண்டார்.

கார்ல்ஸ்ரூவில் 17 ஆண்டுகள்

1894 இல் கார்ல்ஸ்ரூ தொழினுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் நெருங்கிய உறவு இருந்தது. இன்று இரசாயனப் பொறியியல் என்று நாம் அழைக்கும் துறை அப்படிப்பட்ட இடங்களில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. ஐதரோகாபன்கள் வெப்பத்தில் எப்படிச் சிதைகின்றன, எப்படி எரிகின்றன என்ற ஆய்வின் பேரில் 1896 இல் விரிவுரை செய்யும் தகுதி பெற்றார். 1898 இல் மின்னிரசாயனவியல் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். 1905 இல் தொழிற்சாலை வாயுத் தாக்கங்களின் வெப்ப இயக்கவியல் பற்றிய நூல் வெளிவந்தது. 1906 இல் முழுப் பேராசிரியரானார்.

அந்த நாட்களில் அவர் ஈடுபட்ட இன்னொரு ஆய்வு பலருக்குத் தெரியாது. அது எரிபொருட்கலம். ஐதரசனையும் ஒட்சிசனையும் எரிக்காமலே சேரவிட்டு, அந்தச் சக்தியை நேராக மின்சாரமாகப் பெறலாம் என்பதை 1839 அளவிலேயே வில்லியம் குரோவ் காட்டியிருந்தார். அன்றைய நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் வேலையாக மாற்றின. மீதி வெப்பமாக வீணாகியது. நிலக்கரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்க முடிந்தால் நீராவி யுகமே முடிந்துவிடும் என்று 1894 இல் வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்ட் ஜேர்மன் விஞ்ஞானிகளுக்குச் சொல்லியிருந்தார்.

ஹேபர் இதைக் கையில் எடுத்தார். திரவ மின்பகுபொருளுக்குப் பதிலாகச் சூடேறிய கண்ணாடியையும் பீங்கானையும் வைத்து அளந்து பார்த்தார். அவருக்குக் கிடைத்தது ஆய்வுகூட அளவிலான முடிவுகள்தான். தொழிற்சாலைக்குப் போகும் அளவுக்கு மின்னோட்டம் கிடைக்கவில்லை. ஆனால் திண்மப் பொருள் ஒன்றையே மின்பகுபொருளாக வைத்து உயர் வெப்பநிலையில் இயங்கும் எரிபொருட்கலங்கள் இன்று உள்ளன. அவற்றின் முன்னோடி முயற்சிகளில் ஹேபரின் வேலையும் ஒன்று.

என் பார்வையில் அந்தத் தோல்வி வீண்போகவில்லை. எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில் ஒரு வாயுத் தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று துல்லியமாகக் கணக்கிடும் பழக்கம் இந்த ஆண்டுகளில்தான் அவருக்கு வந்தது. அமோனியாவுக்கு வழி திறந்தது அந்தக் கணக்குத்தான்.

காற்றிலே இருந்த பசளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. சனத்தொகை ஏறிக்கொண்டே போனது. பயிருக்கு நைதரசன் வேண்டும். அது சிலி நாட்டின் பாலைநிலத்தில் வெட்டியெடுத்த வெடியுப்பாகக் கப்பலில் வந்தது. அந்த இருப்பு ஒருநாள் தீரும், அப்போது கோதுமை உண்ணும் உலகம் பட்டினி கிடக்கும் என்று 1898 இல் பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிணைந்திருக்கின்றன. அதைப் பிரிக்க வெப்பம் வேண்டும். வெப்பத்தைக் கூட்டினால் உண்டான அமோனியா மீண்டும் சிதைந்துவிடும். ஹேபர் முதலில் 1000 பாகை செல்சியஸ் அளவில் இரும்பை ஊக்கியாக வைத்துச் செய்தபோது கிடைத்த அமோனியா மிக மிகச் சொற்பம். கைவிடலாம் என்றுதான் நினைத்தார். 1907 இல் வால்தர் நேர்ன்ஸ்ட் என்ற பெரிய பேராசிரியர், ஹேபரின் அளவீடுகள் பிழையென்று விஞ்ஞானிகள் கூடிய சபையிலேயே சொல்லிவிட்டார். அந்த அவமானம் ஹேபரை மீண்டும் ஆய்வுகூடத்துக்குள் இறக்கியது.

உயர் அமுக்கக் கருவிகளைச் செய்வதில் வல்லவரான ரொபேர்ட் லே ரொசிஞ்ஞோல் என்ற இளைஞர் அவருக்குத் துணை. வெப்பநிலையை 500, 600 பாகை அளவுக்குக் குறைத்தார்கள். அமுக்கத்தை 200 வளிமண்டலம் வரை ஏற்றினார்கள். ஒஸ்மியம் என்ற அரிய உலோகத்தை ஊக்கியாக வைத்தார்கள். ஊக்கி என்பது தாக்கத்தின் பாதையைச் சுலபமாக்கிவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருள். நைதரசன் மூலக்கூறு அந்த உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும்போது அதன் இறுக்கமான பிணைப்புத் தளர்கிறது. உண்டான அமோனியாவைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்தெடுத்துவிட்டு, மீதி வாயுவை மறுபடியும் ஊக்கியின் மேல் சுற்றிவர விட்டார்கள்.

1909 ஜூலை தொடக்கத்தில் பி.ஏ.எஸ்.எப் கம்பனியின் பிரதிநிதிகள் பார்க்க வந்தார்கள். கருவியில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்யச் சில மணிநேரம் சென்றது. அதற்குள் கார்ல் பொஸ்க் புறப்பட்டுவிட்டார். காத்திருந்த அல்வின் மித்தாஷ் திரவ அமோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைத் தன் கண்ணால் கண்டார்.

பிறகு நடந்தது கம்பனியின் உழைப்பு. ஒஸ்மியம் உலகத்திலேயே மிக அரிதாகத்தான் கிடைக்கும். மலிவான ஊக்கி தேடி மித்தாஷ் குழு ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் செய்தது. கடைசியில் சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று நன்றாக வேலை செய்தது. அதை முன்மாதிரியாக வைத்து, இரும்போடு அலுமினா முதலியவற்றைச் சிறிதளவு கலந்து ஊக்கி செய்தார்கள். சூடான ஐதரசன் உருக்கிலுள்ள காபனைத் தின்று கலனை வெடிக்கச் செய்தது. பொஸ்க் உள்ளே மெல்லிரும்பும் வெளியே உருக்குமாக இரட்டைச் சுவர்க் கலன் செய்து அதைத் தீர்த்தார். 1913 செப்டம்பரில் ஒப்பாவ் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இந்த முறையால் வந்த நைதரசனில் தங்கியிருப்பதாகக் கணிக்கிறார்கள்.

அதே அமோனியா, வேறு வேலை

1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. பிரித்தானியக் கடற்படை கடல்வழியை அடைத்தது. சிலி வெடியுப்பு ஜேர்மனிக்கு வருவது நின்றது. வெடியுப்பு பசளைக்கு மட்டுமல்ல, வெடிமருந்துக்கும் மூலப்பொருள். அமோனியாவைப் பிளாற்றினம் ஊக்கியின் மேல் ஒட்சியேற்றினால் நைத்திரிக்கமிலம் வரும். நைத்திரிக்கமிலத்திலிருந்து குண்டுக்குரிய மருந்து வரும். பசளைக்கென்று கட்டிய ஆலை போருக்குத் திரும்பியது. அது இல்லாதிருந்தால் ஜேர்மனி இவ்வளவு காலம் போரிட்டிருக்க முடியாது என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் மக்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்கு யூரியா வரவில்லை. வயலுக்குப் போகும் நைதரசனால் வெடிமருந்தும் செய்யலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பசளை இல்லாமல் வெளிறி நின்ற நெற்பயிரைப் பார்த்தவர்கள் அது. பிறகு 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது முழு இலங்கையுமே அந்த நைதரசனின் பெறுமதியைக் கண்டுகொண்டது.

ஈப்பர், 1915 ஏப்ரல் 22

ஹேபர் 1911 இல் கார்ல்ஸ்ரூவை விட்டு பேர்லினின் டாலெம் பகுதியில் புதிதாக நிறுவப்பட்ட கைசர் வில்ஹெல்ம் பௌதிக இரசாயன நிறுவகத்தின் தலைவரானார். போர் வந்ததும் அந்த நிறுவகத்தை அப்படியே இராணுவத்துக்குக் கொடுத்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அமைதிக்காலத்தில் விஞ்ஞானி உலகத்துக்கு உரியவன், போர்க்காலத்தில் தன் நாட்டுக்கு உரியவன் என்பது அவருடைய கொள்கை.

பதுங்குகுழிகளில் இருக்கும் எதிரியை வெளியேற்றக் குளோரீன் வாயுவைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். நச்சுவாயு நிரப்பிய எறிகணைகளை 1899 ஹேக் பிரகடனம் தடைசெய்திருந்தது. உருளைகளைத் திறந்து காற்றில் விடுவது எறிகணை ஆகாது என்று ஜேர்மன் தரப்பு வாதிட்டது. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் பொருளைக் கொன்ற வாதம் அது.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஏறத்தாழ 5,700 உருளைகளைப் புதைத்துவிட்டுச் சரியான காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏப்ரல் 22 மாலையில் காற்றுத் திரும்பியது. 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரீன் பச்சை மஞ்சள் முகிலாக நிலத்தோடு தவழ்ந்து போனது. அது காற்றைவிடப் பாரமான வாயு. பள்ளத்தைத் தேடிப் போகும். பாதுகாப்புக்கென்று வெட்டிய குழிகளே அங்கிருந்த பிரெஞ்சு, அல்ஜீரியப் படையினருக்குப் புதைகுழிகளாயின. பதுங்குகுழிக்குள் இருந்து உயிர் தப்பியவர்கள் வாழும் எங்கள் ஊர்களில் இதை வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

ஹேபர் களத்தில் நின்று பார்த்தார். அவருக்குக் கப்டன் பதவி கிடைத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெறவிருந்த ஜேம்ஸ் பிராங்க், ஒட்டோ ஹான், குஸ்தாவ் ஹேர்ட்ஸ் ஆகியோரும் அவருடைய வாயுப் பிரிவில் வேலை செய்தார்கள். சில மாதங்களில் பிரித்தானியாவும் குளோரீன் விட்டது. பொஸ்ஜீன் வந்தது. 1917 இல் கடுகு வாயு வந்தது. போர் முடியும்போது இரு தரப்பிலும் வாயுவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

கிளாரா

ஹேபரைப் பற்றிப் பேசும்போது அவருடைய மனைவியை விட்டுவிட என்னால் முடியாது. கிளாரா இம்மர்வார் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது பெண். 1900 டிசம்பரில் இரசாயனவியலில் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு ஹேபரை மணந்தார். 1902 இல் மகன் ஹேர்மன் பிறந்தான். அதோடு அவருடைய ஆய்வு முடிந்தது. கணவன் இந்த ஆண்டுகளில் பெற்றது எவ்வளவோ, அவ்வளவையும் அதற்கு மேலும் தான் இழந்துவிட்டதாக 1909 இல் தன் பழைய ஆசிரியருக்கு எழுதினார்.

1914 டிசம்பரில் ஹேபரின் நிறுவகத்தில் போர் ஆய்வின்போது வெடிப்பு ஏற்பட்டு ஒட்டோ சாக்கூர் என்ற விஞ்ஞானி இறந்தார். அவர் கிளாராவின் பழைய நண்பர். ஈப்பர் தாக்குதலுக்குப் பத்து நாளின் பின், 1915 மே 2 அதிகாலையில், கிளாரா கணவரின் இராணுவக் கைத்துப்பாக்கியை எடுத்து வீட்டுத் தோட்டத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டார். அவர் எழுதிவைத்த கடிதம் எதுவும் இன்று இல்லை. நச்சுவாயுவை எதிர்த்தே இறந்தார் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நீண்டகாலத் துயரும் கசந்த இல்லறமும் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். இறந்தவர் சொல்லாத காரணத்தை அவர் மேல் சுமத்த நான் விரும்பவில்லை. ஹேபர் 12 வயது மகனை விட்டுவிட்டுக் கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டுப் போனார்.

பரிசும் பழியும்

போரில் ஜேர்மனி தோற்றது. போர்க்குற்றவாளியாகப் பிடிபடலாம் என்ற பயத்தில் ஹேபர் சில காலம் சுவிற்சர்லாந்தில் இருந்தார். ஆனால் அமோனியாத் தொகுப்புக்காக 1918 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கே அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் கொதித்தார்கள். பரிசு நிலைத்தது.

1921 இல் ஒப்பாவ் ஆலையின் பசளைக் களஞ்சியம் வெடித்து 500 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பசளைக்கும் வெடிமருந்துக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதை அன்று ஜேர்மனியரே கண்டார்கள். அந்த ஆண்டுகளில் ஹேபர் நாட்டின் போர்க்கடனை அடைக்கக் கடல்நீரில் பொன் எடுக்கப் புறப்பட்டார். கப்பலில் போய் மாதிரிகள் எடுத்து அளந்தபோது, முன்பு நம்பியதைவிட மிகக் குறைந்த பொன்தான் இருந்தது. அதைக் கைவிட்டார். அவர் தொடக்கிவைத்த பூச்சி ஒழிப்பு ஆய்வுகளின் தொடர்ச்சியாகச் சைக்ளோன் என்ற புகையூட்டும் மருந்து வந்தது. அதன் பிந்திய வடிவம்தான் ஹேபர் இறந்து சில ஆண்டுகளின் பின் நாசிகளின் வதைமுகாம்களில் யூதர்களைக் கொல்லப் பயன்பட்டது. அந்த முகாம்களில் அழிந்தவர்களில் ஹேபரின் உறவினரும் இருந்தார்கள்.

நாடு கைவிட்டது

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. போரில் சேவை செய்தவர் என்பதால் ஹேபர் பதவியில் இருந்திருக்கலாம். ஆனால் நிறுவகத்தின் யூத உதவியாளர்களை அவரே வெளியேற்ற வேண்டும். அவர் பதவி விலகல் கடிதம் எழுதினார். நாற்பது ஆண்டுக்கு மேலாகத் தன்னோடு வேலை செய்தவர்களை அறிவும் குணமும் பார்த்தே தெரிந்ததாகவும், இந்த வயதில் அதை மாற்ற முடியாதென்றும் அதில் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் நான் மதிக்கும் ஒரு செயலைக் காட்டச் சொன்னால் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

பிறகு நாடு நாடாக அலைந்தார். கேம்பிரிட்ஜ் அவருக்கு ஓர் இடம் கொடுத்தது. அங்கே ரதர்போர்ட் அவரோடு கைகுலுக்க மறுத்தார் என்று சொல்வார்கள். பலஸ்தீனத்தின் ரெகோவோத்தில் வேலை செய்ய வைஸ்மன் அழைத்தார். போகச் சம்மதித்தும் உடல் இடம் கொடுக்கவில்லை. 1934 ஜனவரி 29 அன்று சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், ஒரு விடுதியில், மாரடைப்பால் இறந்தார். வயது 65.

ஓராண்டு நினைவுநாளில் மக்ஸ் பிளாங்க் பேர்லினில் நினைவுக்கூட்டம் வைத்தார். பல்கலைக்கழக ஆசிரியர்கள் போகக்கூடாதென்று அரசு தடை போட்டது. உரை எழுதிய பொன்ஹோஃபர் வர முடியாததால் ஒட்டோ ஹான் அதை வாசித்தார். தடுக்கப்பட்ட பேராசிரியர் சிலரின் மனைவிமார் வந்து அமர்ந்திருந்தார்கள். நினைவேந்தலுக்குத் தடை என்றால் என்ன, அதை மீறிச் சென்று அமர்வது என்றால் என்ன என்று எங்கள் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் தலைமை தாங்கிய நிறுவகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இரும்புப் பரப்பில் நைதரசனும் ஐதரசனும் படிப்படியாக எப்படி அமோனியா ஆகின்றன என்பதை விளக்கியதற்காகவும் பரப்பு இரசாயனவியலில் செய்த பிற வேலைகளுக்காகவும், அதே நிறுவகத்தின் கெர்ஹார்ட் ஏர்ட்ல் 2007 இல் நோபல் பரிசு பெற்றார். ஹேபர் விட்டுப்போன கேள்விக்கு நூறாண்டு அளவில் விடை வந்தது.

மற்றக் கேள்விக்கு அவருடைய இரண்டாம் மனைவியின் மகன் லுட்விக் விடை தேடினார். தன் தந்தை தொடக்கிய நச்சுவாயுப் போரின் வரலாற்றைத் தந்தையைக் காப்பாற்றாமல் எழுதி 1986 இல் நூலாக வெளியிட்டார்.

நல்லவரா கெட்டவரா என்று ஒரு சொல்லில் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி வசதியானது. அவரை அரக்கன் என்று தள்ளிவிட்டால், அறிவாளியும் உழைப்பாளியும் நாட்டுப்பற்று உள்ளவருமான ஒருவரால்தான் அது செய்யப்பட்டது என்பது மறைந்துவிடும். பசளையை மட்டும் சொல்லிப் புகழ்ந்தால் ஈப்பரில் இறந்தவர்கள் மறைந்துவிடுவார்கள். தன் இனம், தன் நாடு என்ற பற்று எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை அவர் தனக்குள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நான் யோசிக்கிறேன். அது ஜேர்மனியருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

கிளாராவைத் தன்னோடு அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஹேபரின் கடைசி விருப்பம். 1937 இல் மகன் ஹேர்மன் தாயின் அஸ்தியை டாலெமிலிருந்து பாசலுக்குக் கொண்டுவந்தார். ஹேர்ன்லி மயானத்தில் ஒரே கல்லின் கீழ் இருவரும் இருக்கிறார்கள். கல்லில் இரண்டு பெயர்கள், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. பேராசிரியர் என்றோ நோபல் பரிசு பெற்றவர் என்றோ அதில் ஒன்றும் இல்லை.